தண்ணி கொண்டா

விசுவாசத்தின் விலை அன்றைக்கு எழுபத்தைந்து சென்ட். 1973 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், மொன்றியால் தீவின் மேற்கு முனையான சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், ஒரு கல்லூரி ஜிம்மின் வாசலில் மேஜை போட்டு விற்றார்கள். உள்ளூர் அணிக்குக் கைதட்ட வந்தவர்களுக்கு அனுமதி இனாம். எதிரணிக்குக் கைதட்ட நகரத்திலிருந்து பஸ் ஏறி வந்த எங்களுக்குத்தான் கட்டணம். பதினோரு பேர் வந்திருக்கிறோம், மொத்தமாக எடுத்தால் தலைக்கு அறுபது என்று போடக்கூடாதா என்று மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அவள் என் புறங்கையில் ஊதா மையில் ஒரு பசுமாட்டுத் தலையைக் குத்தி உள்ளே அனுப்பினாள். விவசாயம் படிக்கிற கல்லூரி. உள்ளே போனால் ஆளுக்கொரு மாட்டு மணியை வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் திண்டுக்கல் ஜவுளிக்கடைக்காரர் மகன். பெயர் ரகுநாதன். பேரம் பேசாமல் எதையும் வாங்கினால் அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்காது. மொன்றியாலுக்கு வந்தது இயந்திரப் பொறியியலில் மேல்படிப்புக்காக. பந்தைப் பிடிக்கத் தெரியாது, ஆனால் கூடைப்பந்து என்றால் உயிர். உயிர் என்று சொல்வதைவிட குணசீலன் என்று சொல்லலாம்.

குணசீலன் பெரியகுளத்துக்காரன். அங்கே கோடை காலத்தில் கூடைப்பந்துப் போட்டி என்றால் கல்யாணத்துக்கு நாள் குறிப்பவர்கள்கூட ஆட்ட அட்டவணையைப் பார்த்துத்தான் குறிப்பார்கள் என்பான். நகரத்தில் வில்லரே என்ற பகுதியில், வெளியே இரும்புப் படி சுற்றிக்கொண்டு ஏறும் வீடு ஒன்றின் இரண்டாம் மாடியில் நாங்கள் இருவரும் குடியிருந்தோம். ஒரே வகுப்பு, ஒரே அடுப்பு, ஒரே ஜோடி நல்ல பனிக்காலணி. முக்கியமான காரியம் யாருக்கோ அவர் போட்டுக்கொண்டு போவார்.

எங்கள் கல்லூரி அணியில் அவன் இரண்டு குளிர்காலம் பெஞ்சில் உட்கார்ந்தான். உயரம் ஐந்தடி ஆறங்குலம். கோச் மக்கில்வி நல்ல மனிதர், சூயிங் கம் மென்றபடியே உண்மை பேசுகிறவர். கூடை மேலே இருக்கிறது, நீ கீழே இருக்கிறாய், நான் என்ன செய்ய என்று கேட்டார். அவனை மூன்றாவது குளிர்காலத்தில் பெஞ்சிலிருந்து எழுப்பியது எங்கள் கடை.

விஷயம் இதுதான். பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் வருகிறவன், அடுத்து என்ன ஆட்டம் என்று மற்ற நால்வருக்கும் சொல்ல வேண்டும். ஐந்து ஆட்டங்களைப் பழகி வைத்திருந்தார்கள். ஒரு விரல் காட்டினால் ஒன்றாவது, இரண்டு காட்டினால் இரண்டாவது. எதிரணிக்கும் கண் இருக்கிறதே. நவம்பரில் ஓர் அணி, விரலை எண்ணுவதற்கென்றே ஒருவனை பெஞ்சில் உட்கார்த்தி எங்களைத் துவைத்து அனுப்பியது. அன்றைக்குச் சோறு கொதிக்கும்போது குணசீலன் இதைச் சொல்லிப் புலம்பினான். நான் எங்கள் கடையைப் பற்றிச் சொன்னேன்.

ஜவுளிக்கடையில் வாங்க வந்தவர் புடவையைத் தடவிக்கொண்டிருக்கும்போதே, எவ்வளவுக்கு இறங்கலாம் என்று முதலாளியும் ஆளும் பேசிக்கொள்ள வேண்டும். வந்தவர் முகத்துக்கு முன்னாலேயே பேச வேண்டும். அதற்காக எண்களுக்கு வேறு பெயர். ஒன்றுக்கு மதி, இரண்டுக்கு வினை, மூன்றுக்கு குணம், நான்குக்கு சுருதி, ஐந்துக்கு சரம். அப்படியே பத்து வரை போகும். வந்தவர் ஏதோ சாமி விஷயம் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு புடவைக்கரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதற்கு ஒரு காவலும் உண்டு. வந்தவர்களில் ஜவுளித்தொழில் தெரிந்தவர் யாராவது நின்றால், முதலில் கவனித்தவர், "கல்லாவுக்குத் தண்ணி கொண்டா" என்று குரல் கொடுப்பார். அதற்கப்புறம் அவர் வெளியே போகிறவரை கடையில் ஒரு ரகசியச் சொல்லும் புழங்காது. தண்ணீரும் வராது. கடைக்குள் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் வாயைத் திறக்கிறவனை எங்கள் பக்கத்தில் வியாபாரி என்று சொல்வதில்லை. வேறொரு வார்த்தை இருக்கிறது, அது அச்சில் வராது.

குணசீலன் சோற்றை இறக்கவும் மறந்து என்னைப் பார்த்தான். மறுநாளே கோச்சிடம் போனான். கோச் ஒரு சூயிங் கம் தீருகிற நேரம் யோசித்துவிட்டு, முயற்சி பண்ணிப் பார் என்றார். ஆறடி நான்கங்குலப் பையன்கள் ஜிம்மில் வரிசையாக நின்று சுருதி, சரம் என்று பாடம் படித்ததை நான் நேரில் பார்த்தேன். அவர்களில் பிரெஞ்சு பேசும் கியூபெக் பையன் ஒருவன் ‘ர’வைத் தொண்டைக்குள் உருட்டிச் சொன்ன அழகுக்காக அவனை எங்கள் கடையில் சேர்த்துக்கொண்டிருப்பேன். சொற்களை ஒழுங்காகவும் வேகமாகவும் கூவத் தெரிந்தவன் குணசீலன்தான். ஆகவே அவன் ஆடுகளத்துக்குள் போனான். ஜனவரியிலிருந்து நடந்த ஐந்து போட்டிகளில் நான்கில் எங்களுக்கு ஜெயம்.

மேற்கு முனைக் கல்லூரியுடன் அந்தச் சனிக்கிழமை ஆட்டம் கடைசி லீக் ஆட்டம். ஜெயித்தால் மாகாணப் போட்டிக்குப் போகலாம். அதிலும் முதல் ஐவரில் நீ உண்டு என்று கோச் அவனிடம் சொல்லியிருந்தார். தோற்றால் பருவம் முடிந்தது. மே மாதம் குணசீலனுக்குப் படிப்பும் முடிகிறது. அதற்குப் பிறகு ஐந்தடி ஆறங்குலத்தை எந்த அணி கூப்பிடும்? அவனுக்கு அது ஒரு ஆட்டமில்லை, இருந்த எல்லா ஆட்டங்களும் அதுதான். அந்த வாரம் முழுக்க அவன் தூக்கத்திலேயே எண் கூவினான். அன்று காலை நல்ல பனிக்காலணியை நானாகவே எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

எங்கள் பக்கம் கைதட்டப் பதினோரு பேர். அவர்கள் பக்கம் நானூறு பேர், நானூறு மணி. இதை முன்கூட்டியே யோசித்து நான் ஓர் ஏற்பாடு செய்திருந்தேன். அந்த ஏற்பாட்டின் பெயர் டாக்டர் பாலகிருஷ்ணன்.

அப்போது மொன்றியாலில் தமிழர்கள் நாங்கள் மொத்தமே நாற்பது குடும்பம் இருப்போம். டாக்டர்கள், பேராசிரியர்கள், எஞ்சினியர்கள். என்னைப் போன்ற மாணவர்கள் கொசுறு. மூன்று வாரம் முன்பு ஒரு சர்ச்சின் கீழ்த்தளத்தில் பொங்கல் வைத்தபோது அவரைச் சந்தித்தேன். மேற்கு முனைக் கல்லூரியில் மண் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறார், பதினான்கு வருடமாக. ஊர் கும்பகோணம், அப்பா பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் என்றார். கூடத்துக்குள்ளேயும் பழுப்பு நிறக் குரங்குக் குல்லாயைக் கழற்றாமலேயே பொங்கல் சாப்பிட்டார். அவருக்குத்தான் போன் போட்டேன். உங்கள் கல்லூரியில் நம்ம பையன் ஒருவன் ஆட வருகிறான் சார், எங்கள் பக்கம் உட்கார ஆளில்லை, வரக்கூடாதா என்றேன். பதினான்கு வருடத்தில் அந்த ஜிம்முக்குள் போனதில்லை, யாரும் கூப்பிட்டதில்லை என்று சிரித்தார். வருகிறேன் என்றார்.

வந்தார். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே, ஒரு கையில் ஃபிளாஸ்க், மறு கையில் அவர் மனைவி பத்மா செய்த தட்டை ஒரு டப்பா. வெளியூர்க்காரர்களுக்கு ஒதுக்கிய மூலையில், எங்கள் பெஞ்சுக்கு நேர் மேலே, என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஃபிளாஸ்க் மூடியில் காபி ஊற்றி எனக்குக் கொடுத்தார். சிக்கரி வாசனை. ஈரக் கம்பளியும் தரை மெழுகும் நாறும் அந்த ஜிம்மில், மாட்டு மணிச் சத்தத்துக்கு நடுவில், ஒரே மூடியில் இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் குடித்தோம். குணசீலன் களத்தில் உடம்பைச் சூடாக்கிக்கொண்டே எங்களைப் பார்த்துக் கை காட்டினான்.

ஆட்டம் ஆரம்பித்து மூன்றாவது நிமிடம், அவன் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, "சுருதி" என்று கூவினான். பாலகிருஷ்ணன் வாய்க்குக் கொண்டுபோன மூடி பாதியில் நின்றது.

"ரகு, இப்ப அந்தப் பையன் என்ன சொன்னான்?"

நான் சிரித்தேன். இன்னும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள் என்றேன். அடுத்த முறை, "மதி." பந்து இடது ஓரத்துக்குப் போய், அங்கிருந்து கூடைக்குள் விழுந்தது. பாலகிருஷ்ணன் என் தொடையில் ஒரு அடி வைத்தார்.

"நாலு, அப்புறம் ஒண்ணு. ஜவுளிக்கடைக் கணக்குய்யா இது."

அவர் குரல் இறங்கியது. சுற்றிலும் தமிழ் தெரிந்தவர் எவரும் இல்லை, இருந்தாலும் இறங்கியது. தலைமையாசிரியர் என்று அவர் இங்கே சொல்லி வைத்திருப்பது சித்தப்பாவை. அப்பாவுக்குப் பெரிய தெருவில் ஜவுளிக்கடை. பதினேழு வயது வரை இவரும் துணி கிழித்துக் கொடுத்திருக்கிறார். பேராசிரியர்களும் டாக்டர்களும் கூடுகிற இடத்தில் முழக்கோலைப் பற்றிப் பேசுவானேன் என்று விட்டுவிட்டாராம். அந்தச் சொற்களைக் காதால் கேட்டு முப்பது வருடமாகிறது என்றார். கண் கலங்கியிருந்தது. குல்லாய்க்குள்ளிருந்து தெரிந்த முகத்தில் அது ஒன்றுதான் நன்றாகத் தெரிந்தது.

நான் எப்படி இருந்திருப்பேன் என்று யோசித்துப் பாருங்கள். பனி கொட்டுகிற தேசத்தில், எட்டாயிரம் மைல் தள்ளி, என் கடை பாஷை தெரிந்த ஒருவர் என்னோடு ஒரே மூடியில் காபி குடிக்கிறார். தண்ணி கொண்டா என்று நான் கூவியிருக்க வேண்டிய நேரம் அதுதான். கூவவில்லை. அவர் எண்ணை மட்டும்தான் தெரிந்துவைத்திருந்தார். எந்த எண்ணுக்கு எந்த ஆட்டம் என்று நான் சொன்னேன். சரம் என்றால் இடது பக்கம் போவதுபோல் போய் வலதில் இருக்கிற நெட்டையனுக்குக் கொடுப்பான் சார், வினை என்றால் நடுவில் பாயப்போகிறான், பாருங்கள் என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். அவர் குழந்தை மாதிரி சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஐந்தையும் இடைவேளைக்குள் கொடுத்து முடித்தேன். விலைக்கு விற்றிருந்தாலாவது ஒரு மரியாதை. நான் கொசுறாகக் கொடுத்தேன்.

இடைவேளையில் இரண்டு பக்கமும் முப்பத்தொன்று. பாலகிருஷ்ணன் எழுந்தார்.

"அந்தப் பக்கம் டீன் உட்கார்ந்திருக்கார். ஒரு ஹலோ சொல்லிட்டு வந்துடறேன். ஃபிளாஸ்க்கைப் பாத்துக்கோ."

ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தேன். உள்ளூர் அணியின் பெஞ்சுக்குப் பின் வரிசையில் வெள்ளைத் தலை மனிதர் ஒருவர் எழுந்து இவருக்குக் கை கொடுத்தார். என்னவோ கேட்டார். இவர் என்னவோ சொன்னார். வெள்ளைத் தலை நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டது. பாலகிருஷ்ணன் உட்கார்ந்தார். உட்கார்ந்து, குரங்குக் குல்லாயைக் கழற்றினார். அவர் வழுக்கையை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். அப்போதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. டீன் அல்லவா, சட்டென்று எழுந்து வர முடியாது என்று அவருக்காக நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் பாதி. பந்து எங்களுடையது. குணசீலன் கூவினான்: "சரம்."

இடது பக்கம் போவதுபோல் போனான். எதிராளி இடது பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலது பக்கத்து நெட்டையனுக்கு முன்னால் முன்பே போய் நின்றிருந்தான். பந்து நேராக அவன் கைக்குள் போய் விழுந்தது, தபாலில் வந்த மாதிரி. எடுத்துக்கொண்டு ஓடி இரண்டு புள்ளி போட்டான். நானூறு மணியும் அடித்தன.

நான் எழுந்து நின்றேன். களத்தைப் பார்க்கவில்லை, எதிர்ப்பக்கத்தைப் பார்த்தேன். பாலகிருஷ்ணன் முன்னால் குனிந்திருந்தார். அவருடைய இடது கை அவர்கள் கோச்சின் தோளில் இருந்தது. வலது கை அவர் முழங்காலில், ஐந்து விரலும் விரிந்து.

விரலிலிருந்து தப்பிக்கத்தான் நாங்கள் சொல்லுக்குப் போனோம். அந்த மனிதர் சொல்லை மறுபடியும் விரலாக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். ஊரில் எதிர்க்கடைக்காரன் செய்தால் கோபம் வரும், அவன் தொழில் அது. இவர் என்னோடு ஒரே மூடியில் குடித்தவர். முப்பது வருடமாக யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொல்லிக் கண் கலங்கியவர். இருபது நிமிடத்துக்கு முன்னால் எனக்கு இந்த நாட்டிலேயே நெருங்கிய சொந்தம் அவர்தான்.

இரண்டு சொல் கூவினால் போதும். தண்ணி கொண்டா என்று நான் கூவினால் குணசீலனுக்குப் புரியும்; அந்தக் காவலையும் சேர்த்துத்தானே அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சொற்களை நிறுத்திவிட்டு வேறு வழி பார்ப்பான். ஆனால் கூவியதும் அவன் கேட்கிற முதல் கேள்வி, கடைக்குள் யாரை விட்டாய் என்பதுதான். ஜிம்மில் இருந்த தமிழர் மூன்று பேர். மூன்றாமவர் என் பக்கத்தில் காபி குடித்ததை அவன் பார்த்திருக்கிறான்.

இந்த இடத்தில் என் புத்தி வியாபாரம் பண்ண ஆரம்பித்தது. ஒரு தடவை தற்செயலாகப் பலித்திருக்கலாம். அடுத்ததில் தப்பிவிட்டால் நான் வாய் திறக்கவே வேண்டாம், ஆட்டமும் நம்முடையது, சினேகிதமும் நம்முடையது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் சரக்கு விலை ஏறும் என்று கையைக் கட்டிக்கொண்டிருந்து கெட்டவர்களை எனக்கு நிறையத் தெரியும்; எங்கள் தெருவிலேயே நான்கு பேர். நான் ஃபிளாஸ்க்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பொறுத்துப் பார்த்தேன்.

"வினை" என்றான் குணசீலன். கூவிவிட்டு ஒரு கணம் மேலே எங்கள் மூலையைப் பார்த்தான். முழங்காலில் இரண்டு விரல். நடுவில் மூன்று பேர் சுவர் மாதிரி வந்து நின்றார்கள். பந்து போயிற்று. இரண்டு புள்ளி.

"மதி" என்றான். குரல் உடைந்திருந்தது. மறுபடி மேலே பார்த்தான். ஒரு விரல். இடது ஓரத்தில் ஏற்கெனவே ஒருவன் காத்திருந்தான். இரண்டு புள்ளி. எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

கோச் மக்கில்வி மெல்வதை நிறுத்தினார். எழுந்து, குணசீலனைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அவனுக்குப் பதில் ஒரு நெட்டையன் மேல்சட்டையைக் கழற்றிக்கொண்டு களத்துக்குள் ஓடினான். குணசீலன் பெஞ்சை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தபோதுதான் என் தொண்டை திறந்தது.

"குணா, தண்ணி கொண்டா. தண்ணி கொண்டா."

மற்றப் பத்துப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்ப்பக்கத்தில் பாலகிருஷ்ணனும் பார்த்தார். அந்தச் சொல் அவருக்கும் தெரியும். முழங்காலில் இருந்த கை மூடிக்கொண்டது. குணசீலன் நிற்கவில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்தான். யாரோ அவனிடம் காகிதக் கோப்பையில் தண்ணீர் கொடுத்தார்கள். அவன் குடிக்கவில்லை. திரும்பி, மேலே என்னைப் பார்த்து, கோப்பையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினான். இந்தா, வந்துவிட்டது என்பதுபோல.

மீதி ஆட்டம் முழுக்க எங்கள் பையன்கள் சொல்லும் இல்லாமல் விரலும் இல்லாமல் ஆடினார்கள். அவர்கள் ஒன்று போட்டால் இவர்கள் ஒன்று போட்டார்கள். அந்த ஆறு புள்ளி மட்டும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடைசி மணி அடித்தபோது உள்ளூர் அறுபத்துமூன்று, வெளியூர் ஐம்பத்தேழு. துண்டைத் தலையில் போட்டிருந்த குணசீலன் முழு நேரமும் அதை எடுக்கவே இல்லை. கோச் அவனை மறுபடி கூப்பிடவும் இல்லை.

கூட்டம் கலையும்போது பாலகிருஷ்ணன் எங்கள் மூலைக்கு வந்தார். குல்லாய் கோட்டுப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஃபிளாஸ்க்கை வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் அடுத்த மாதம் தமிழ்ச் சங்கக் கூட்டத்துக்கு நான் வருவேனா என்று கேட்டிருந்தால்கூட ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். அவ்வளவு சாதாரணமாக நின்றார். கடைச் சொல்லைக் கடைக்காரரே விற்கலாமா சார் என்று கேட்டேன்.

"விக்கல ரகு. ஒரு பைசா வாங்கல. டீன் கேட்டார், அந்தப் பையன் கத்தறது உனக்குப் புரியுதா பாலான்னு. பாலான்னார். பதினாலு வருஷமா எனக்கு இந்த இடத்துல பேரே கிடையாது, தெரியுமா."

அவர் என் மடியில் ஈரவட்டம் போட்டிருந்த ஃபிளாஸ்க்கை வாங்கி மூடியைத் திருகினார். குரலில் கெஞ்சலும் இல்லை, வெட்கமும் இல்லை. மண்ணைச் சோதித்துவிட்டு முடிவு சொல்கிற மாதிரி சொன்னார்:

"உங்க பஸ் அஞ்சு மணிக்குப் போயிடும். திங்கக்கிழமை நான் இங்கதானே லஞ்ச் சாப்பிடணும்."

போவதற்கு முன் தட்டை டப்பாவை என் கையில் வைத்தார். பாதிதான் காலியாகியிருந்தது. பத்மா பையன்களுக்குன்னுதான் பண்ணினா என்றார். மறுத்திருக்க வேண்டும். கைக்கு வந்ததை மறுக்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில், வரும்போது நான் உட்கார்ந்திருந்த இடத்தில் குணசீலனின் பை உட்கார்ந்திருந்தது. அவன் ஜன்னல் பக்கம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பின் வரிசைப் பையன்கள் டப்பாவைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார்கள், கொடுத்தேன். அதை எந்தக் கை கொடுத்தது என்று தெரியாமல் மொறுமொறுவென்று தின்ன ஆரம்பித்தார்கள். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார்கள்.

"அவரு யாரு?" என்றான் குணசீலன், ஜன்னலைப் பார்த்தபடியே.

சொன்னேன். பெயர், வேலை, ஊர்.

"ஜவுளிக்கடையா?"

"இன்னிக்குத்தான்டா சொன்னாரு."

"சரி. அது அவரு பாடு." கையிலிருந்த காகிதக் கோப்பையை நசுக்கினான், அதை அங்கேயே போடாமல் ஏன் கொண்டு வந்தான் என்று தெரியவில்லை. "உனக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?"

நான் முதல் விலையைச் சொன்னேன். கடைசியில்தான், மூன்றாவது பந்து போனபோதுதான் என்றேன்.

"முத பந்துக்கே எந்திரிச்சு நின்ன. பதினோரு பேர்ல நீ ஒருத்தன்தான் நின்ன. அங்கிட்டுப் பார்த்த." அவன் இப்போது என் பக்கம் திரும்பினான். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "நான் ஒவ்வொரு தடவையும் உன்னயத்தான்டா பார்த்தேன். நீ தண்ணி கேப்பன்னு."

இரண்டாவது விலையைச் சொன்னேன். நிச்சயமாகத் தெரியவில்லை, தற்செயலாக இருக்குமோ என்று நினைத்தேன் என்றேன். அவன் இறங்கி வரவும் இல்லை, ஏறிப் பேசவும் இல்லை. பேரமே பேசாதவனிடம் எப்படி வியாபாரம் பண்ணுவது என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

"மூணு பந்துடா ரகு," என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டான். குனிந்து, காலில் இருந்த பனிக்காலணியின் கயிற்றை அவிழ்த்தான். இரண்டையும் கழற்றி, ஜோடியாக, என் காலுக்குப் பக்கத்தில் வைத்தான். பையிலிருந்து ஆட்ட ஷூவை எடுத்துப் போட்டுக்கொண்டான். துணி ஷூ. வெளியே முழங்கால் அளவு பனி.

டிரைவர் எஞ்சினைக் கிளப்பினார். ஜிம்மின் கதவு இன்னும் திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. புள்ளிப் பலகையை அணைக்க மறந்திருந்தார்கள். பஸ் திரும்புகிறவரைக்கும் அது கண்ணுக்குத் தெரிந்தது. உள்ளூர் அறுபத்துமூன்று. வெளியூர் ஐம்பத்தேழு. வித்தியாசம் ஆறு. முதல் பந்துக்கு இரண்டு, பாலகிருஷ்ணன் பேரில் பற்று. அடுத்த இரண்டு பந்துக்கு நான்கு, என் பேரில் பற்று. வரவு, அரை டப்பா தட்டை, ஒரு ஜோடி பனிக்காலணி.